இரண்டு அங்குலப் பேராசிரியர்

தாராவியிலிருந்து திருநெல்வேலிக்குப் போவதென்றால் அன்றைக்கு இரண்டு ராத்திரி. பம்பாயில் ஏறினால் மறுநாள் மெட்ராஸ் சென்ட்ரல், அங்கிருந்து எழும்பூருக்கு மாறி மீட்டர் கேஜ் வண்டியில் இன்னொரு ராத்திரி. எங்கள் வீட்டில் ஊருக்குக் கிளம்பும்போது முதலில் கட்டுவது ஜமக்காளத்தைத்தான். புளியோதரைப் பொட்டலம், தண்ணீர் கூஜா, ஊரில் கொடுக்க வாங்கிய சேலைகள் எல்லாம் அப்புறம். ஜமக்காளம் இல்லாமல் ஏறினால் படுக்க முடியாது. படுக்கை என்று அங்கே இருந்தது மரச்சட்டங்களை வரிசையாக அடித்த பலகை. ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போட்டாலும் சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி முதுகுக்குத் தெரிந்துவிடும். காலையில் அப்பா பனியனைத் தூக்கிக் காட்டி, "ஏலே, கோடு விழுந்திருக்கா பாரு" என்பார். விழுந்திருக்கும். எண்ணிச் சொல்வேன்.

அந்தக் கோடுகளை இல்லாமல் செய்தவர் ஒரு பிசிக்ஸ் வாத்தியார். மது தண்டவதே. மும்பைத் தமிழர்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் பெயரைச் சொன்னால் "ஆமாம், ரயில்வே மந்திரியாக இருந்தாரே" என்பார்கள். அதற்கு மேல் யாருக்கும் பெரிதாக நினைவில்லை. இருபத்தைந்து வருடம் வகுப்பறையில் நின்ற ஒருவர் நாடாளுமன்றத்துக்குப் போனபோது கையோடு எதைக் கொண்டுபோனார் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

1924 ஜனவரி 21-இல் அகமத்நகரில் பிறந்தவர். பம்பாய் ராயல் இன்ஸ்டிடியூட் ஆஃப் சயின்ஸில் இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடித்தார். 1942-இல் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் இறங்கிய தலைமுறை அது. ஜெயப்பிரகாஷ் நாராயண், லோகியா பக்கம் சாய்ந்த சோசலிஸ்ட் இளைஞர்களில் இவரும் ஒருவர். 1955-இல் போர்ச்சுக்கீசியர் பிடியில் இருந்த கோவாவுக்குச் சத்தியாகிரகம் செய்யப் போன அணிகளில் ஒன்றுக்குத் தலைமை தாங்கினார். பிறகு மராத்தி பேசுகிறவர்களுக்குத் தனி மாநிலம் கேட்ட ஐக்கிய மகாராஷ்டிரப் போராட்டம். இத்தனைக்கும் நடுவில் காலையில் போய் வகுப்பு எடுத்துக்கொண்டும் இருந்தார்.

எந்தக் கல்லூரியில் என்பது முக்கியம். பம்பாயின் ஃபோர்ட் பகுதியில் தாதாபாய் நவ்ரோஜி சாலையில் இருக்கும் சித்தார்த்தா கல்லூரி. அம்பேத்கர் 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கி, அதன் முதல் கல்லூரியாக 1946 ஜூனில் இதைத் திறந்தார். பகலில் ஆபீசில் குமாஸ்தாவாகவும் கடையில் எடுபிடியாகவும் வேலை பார்க்கிற பிள்ளைகள் வந்து படிக்க வசதியாக அங்கே வகுப்புகளைக் காலையிலேயே வைத்தார்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த தலைமுறை. அவர்களுக்கு முன்னால் நின்று அணு இயற்பியல் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் எதிரில் இருப்பவனுக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ராத்திரி எங்கே தூங்கினான், என்ன சாப்பிட்டான் என்பதெல்லாம் வாத்தியாருக்கும் ஓரளவு தெரிந்திருக்கும். தண்டவதே அங்கே இயற்பியல் துறைத் தலைவராக இருந்தார், துணை முதல்வராகவும் இருந்தார்.

1970-71-இல் மகாராஷ்டிர மேலவையில் இருந்தார். மேலவை என்றதும் நம் ஊர்க்காரர்கள் புருவத்தைச் சுருக்குவார்கள், தமிழ்நாட்டில் அது 1986-லேயே கலைக்கப்பட்டுவிட்டதல்லவா. மகாராஷ்டிரத்தில் இன்னும் இருக்கிறது. மொத்தம் 78 இடங்களில் 7 பட்டதாரிகள் தேர்ந்தெடுப்பது, 7 ஆசிரியர்கள் தேர்ந்தெடுப்பது. உயர்நிலைப் பள்ளி மட்டத்துக்குக் குறையாத இடத்தில் மூன்று வருடம் பாடம் எடுத்திருந்தால் ஆசிரியர் தொகுதியில் ஓட்டுப் போடலாம். மாட்டுங்காவிலும் சயானிலும் இருக்கும் தமிழ் ஆசிரியர்கள் பலருக்கு இந்த இரண்டாவது ஓட்டு உண்டு. மக்களவைக்கு அப்படித் தனித் தொகுதி கிடையாது. அங்கே ஆசிரியரும் மற்றவர்களோடு மற்றவராகத்தான் நிற்க வேண்டும். அரசு சம்பளம் வாங்குகிறவர் என்றால் 'ஆதாயம் தரும் பதவி' என்ற அரசியல் சட்டத்தின் 102-ஆம் பிரிவு குறுக்கே வரும், வேலையை விட்டாக வேண்டும். தனியார் கல்லூரி ஆசிரியருக்கு அந்தத் தடை அவ்வளவு இறுக்கம் இல்லை. அன்றைக்கு அரசியலுக்கு வந்த ஆசிரியர்களில் பலர் அரசுக் கல்லூரிக்கு வெளியிலிருந்து வந்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். நம் பேராசிரியர் அன்பழகனே பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் நடத்தியவர்தான், 1967-இல் திருச்செங்கோட்டிலிருந்து மக்களவைக்குப் போனார். கட்சி வேறு, பாடம் வேறு. ஆனால் 'பேராசிரியர்' என்ற சொல் இருவர் பெயரோடும் கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

தண்டவதேக்குக் கிடைத்த தொகுதி ராஜாபூர். கொங்கண் கடற்கரை. அதற்கு முன் அங்கே பாரிஸ்டர் நாத் பாய் இருந்தார். சபையே காது கொடுத்துக் கேட்ட பேச்சாளர். அவர் 1971 தொடக்கத்தில் திடீரென்று காலமாகிவிட, அந்த வருடத் தேர்தலில் தண்டவதே நின்று ஜெயித்தார். அதிலிருந்து 1991 வரை ராஜாபூர் அவரை விடவில்லை. 1971, 1977, 1980, 1984, 1989 என்று ஐந்து முறை. இதில் 1984-ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்திரா காந்தி கொலைக்குப் பிந்தைய அலையில் காங்கிரஸ் 400 இடங்களைத் தாண்டியது, ஜனதா கட்சிக்கு நாடு முழுக்கக் கிடைத்தது 10. அந்தப் பத்தில் ராஜாபூர் ஒன்று.

கொங்கணைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும், நமக்கு அது தெரிந்த கதைதான். மழை கொட்டும், மண் சரிவு, நெல்லும் மாவும் முந்திரியும் இருந்தும் கைக்காசு கிடையாது. ஆம்பிளைகள் பம்பாய் மில்லுக்கு வந்துவிடுவார்கள், ஊரில் வீடு மணியார்டரில் ஓடும். அவர்களைச் 'சாக்கர்மானி' என்பார்கள். எங்கள் சாலில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், ஒரு பக்கம் நெல்லைக்காரர்கள், எதிர்ப்பக்கம் ரத்னகிரிக்காரர்கள். நாங்கள் கோயில் கொடைக்கு ஊருக்குப் போவோம், அவர்கள் கணபதிக்குப் போவார்கள். வித்தியாசம் ஒன்றுதான்: எங்களுக்குப் பலகையாவது இருந்தது, அவர்களுக்கு ரயிலே கிடையாது. ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருந்த மெட்ராசுக்கு ரயிலில் போகலாம், முந்நூறு கிலோமீட்டர் தெற்கே இருந்த ஊருக்குப் பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டு போக வேண்டும். இந்த ஏக்கத்தைச் சுமந்த தொகுதியின் எம்.பி.யைத்தான் பிறகு ரயில்வே அமைச்சராக உட்கார வைத்தார்கள்.

அதற்கு முன் ஜெயில். 1975 ஜூனில் கட்சித்தாவல் தடை மசோதாவைப் பரிசீலிக்கும் நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் கூட்டத்துக்காக எம்.பி.க்கள் சிலர் பெங்களூரு போயிருந்தார்கள். ஜூன் 26 காலை, நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்ட செய்தி வந்த கையோடு போலீசும் வந்துவிட்டது. வாஜ்பாய், அத்வானி, ஷியாம் நந்தன் மிஸ்ரா, மது தண்டவதே நால்வரும் பெங்களூரு மத்திய சிறைக்குப் போனார்கள். (அவர்கள் விவாதிக்க வந்த விஷயம் சட்டமாக 1985 ஆயிற்று. அப்போதும் தண்டவதே சபையில்தான் இருந்தார்.) மனைவி பிரமிளா புனேயில் எரவாடா சிறையில். பதினெட்டு மாதம் போல இரண்டு ஜெயில்களுக்கும் நடுவே கடிதத்திலேயே குடும்பம் நடந்தது, தணிக்கை அதிகாரி முதலில் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்.

பிரமிளாவை 'இன்னாரின் மனைவி' என்று ஒரு வரியில் தாண்டிப் போவது நியாயமில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் விலைவாசிக்கு எதிராகப் பம்பாய்ப் பெண்கள் பூரிக்கட்டையோடு தெருவில் இறங்கினார்கள், 'லாட்ணே மோர்ச்சா' என்று பெயர். மிருணாள் கோரே, அஹில்யா ராங்ணேகர் ஆகியோரோடு அந்தப் போராட்டத்தில் முன்னால் நின்றவர் பிரமிளா. வரதட்சணைக் கொடுமைக்கு எதிராக இயங்கிய மகிளா தட்சதா சமிதியை உருவாக்கியவர்களிலும் ஒருவர். 1980-இல் பம்பாய் வட மத்தியத் தொகுதியிலிருந்து மக்களவைக்கு வந்தார். ராஜாபூரிலிருந்து கணவர், பம்பாயிலிருந்து மனைவி. ஒரே சபையில் ஐந்து வருடம் போல இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

சரி, பலகைக்கு வருவோம்.

1977 மார்ச்சில் ஜனதா அரசு வந்தது, தண்டவதே ரயில்வே அமைச்சர் ஆனார். அதற்கு மூன்று வருடம் முன்பு, 1974-இல், ரயிலில் மூன்றாம் வகுப்பை ஒழித்துவிட்டதாக அறிவித்திருந்தார்கள். கேட்க நன்றாக இருந்தது. நடந்தது என்னவென்றால் பெட்டியின் மேல் இருந்த எழுத்து மாறி மூன்றாம் வகுப்பு இரண்டாம் வகுப்பு ஆனது. உள்ளே அதே சட்டம், அதே இடைவெளி.

தண்டவதே எடுத்த முடிவு சின்னது: இரண்டாம் வகுப்புத் தூங்கும் பெட்டிகளில் பலகைக்கு மேல் இரண்டு அங்குலத்துக்கு ஃபோம் மெத்தை. முதல் வகுப்பைக் கீழே இறக்குவது தன் நோக்கமில்லை, இரண்டாம் வகுப்பை மேலே ஏற்றுவதே நோக்கம் என்பது அவர் சொல்லிவந்த விளக்கம். ஒரு சோசலிஸ்ட் வாயிலிருந்து இது வருவது கவனிக்க வேண்டியது. சமத்துவம் என்றால் மேலே இருப்பவனின் மெத்தையைப் பிடுங்குவது என்று நினைத்தவர்களும் அன்றைக்கு அவர் முகாமிலேயே இருந்தார்கள்.

ஏன் இரண்டு அங்குலம்? அவர் எப்படிக் கணக்குப் போட்டார் என்பதை விடுங்கள், பாடமாகப் பார்த்தால் ஒன்பதாம் வகுப்பு இயற்பியல்தான். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது. கட்டையில் படுக்கும்போது உடம்பின் எடை முழுதும் தோள்பட்டை, இடுப்பு எலும்பு, குதிகால் என்று நாலைந்து முனைகளில் இறங்குகிறது, அதுவும் சட்டத்தின் விளிம்பில். பரப்பு குறைவு, அழுத்தம் அதிகம். ஃபோம் அமுங்கி உடம்பின் வளைவுக்கு இடம் கொடுத்தவுடன் தொடும் பரப்பு பல மடங்கு கூடுகிறது. எடை அதேதான், வலி இல்லை. இதில் முக்கால்வாசிப் பலன் முதல் ஒன்றிரண்டு அங்குலத்திலேயே கிடைத்துவிடும். ஆறு அங்குலம் போட்டால் இன்னும் சுகம், ஆனால் நடு பெர்த்தில் இருப்பவர் தலை மேல் பெர்த்தில் இடிக்கும். மூன்றடுக்குப் பெட்டியில் உயரம் அங்குலக் கணக்குதான். செலவும் அப்படியே.

அப்படி மெத்தை போட்ட முதல் வண்டியாக 1977 டிசம்பர் 26-இல் ஓடத் தொடங்கியது பம்பாய்க்கும் ஹவுராவுக்கும் இடையிலான கீதாஞ்சலி எக்ஸ்பிரஸ். அதில் முதல் வகுப்பே கிடையாது. எல்லாருக்கும் ஒரே வகுப்பு, எல்லாருக்கும் மெத்தை. தாகூர் நினைவாக வைத்த பெயர். எங்கள் வழித்தடத்துக்கு மெத்தை வந்து சேரச் சில வருடம் ஆயிற்று. எண்பதுகளின் கடைசிக்குள் நாட்டில் பெரும்பாலான வண்டிகளில் வந்துவிட்டது. முதல்முறை அந்த ரெக்ஸின் மேல் படுத்தபோது அம்மா வழக்கப்படி ஜமக்காளத்தையும் விரித்தாள். பாதி ராத்திரியில் அது வழுக்கிக் கீழே விழுந்து, கீழ் பெர்த்தில் இருந்தவர் எழுப்பி எடுத்துக் கொடுத்தார். அடுத்த பயணத்தில் ஜமக்காளம் வரவில்லை, ஒரு பழைய வேட்டி போதுமானதாக இருந்தது.

அதே பதவிக்காலத்தில் அவர் செய்த இன்னொரு காரியத்தை நாம் மெத்தை அளவுக்குப் பேசுவதில்லை. 1974 மே மாதம் ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் ரயில்வே வேலைநிறுத்தம் நடந்தது, மூன்று வாரம் போல நீடித்தது, கடுமையாக ஒடுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். தண்டவதே வந்ததும் அவர்களைத் திரும்ப எடுத்தார். மாட்டுங்கா, பரேல் ஒர்க்ஷாப்புகளைச் சுற்றி வளர்ந்த யாருக்கும் இது எத்தனை அடுப்புகளைத் திரும்ப எரியவைத்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. தேர்தல் மேடையில் கொடுத்த வாக்குறுதியைக் கோப்பில் கையெழுத்தாக மாற்றுவதற்கு ஒரு பொறுமை வேண்டும், விடைத்தாள் திருத்திப் பழகியவர்களுக்கு அது வாய்க்கும் போலிருக்கிறது. முன்பதிவைக் கணினிக்கு மாற்றும் யோசனைக்கும் அவர் காலத்தில்தான் பிள்ளையார் சுழி போடப்பட்டது. அது டில்லியில் கவுண்டருக்கு வந்தது எண்பதுகளின் நடுவில்தான்.

1979 ஜூலையில் ஜனதா அரசு கவிழ்ந்தது. ரயில்வேயில் அவருக்குக் கிடைத்தது இரண்டேகால் வருடத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

பத்து வருடம் கழித்து வி.பி. சிங் அரசில் நிதியமைச்சர். நிதியமைச்சராக அவர் தேறினாரா என்று என்னைக் கேட்டால் பாஸ் மார்க்குதான் போடுவேன். விவசாயிகளுக்கு 10,000 ரூபாய் வரை கடன் தள்ளுபடி என்பது அந்த அரசின் வாக்குறுதி, 1990 பட்ஜெட்டில் அதற்கு வழி செய்தார். கஜானா ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த நேரம். அந்த வருடம் ஆகஸ்டில் குவைத்துக்குள் ஈராக் நுழைந்து எண்ணெய் விலை எகிறியது, 1991-இல் நாடு தங்கத்தை அடகு வைக்கும் நிலைக்குப் போனது. எல்லாவற்றுக்கும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டிருந்தபோது அவர் பட்ஜெட் அதைப் போதுமான அளவு கேட்கவில்லை என்பதும் உண்மை.

அதே பட்ஜெட்டில் ஒரு காரியம் நம் வீடுகளை நேராகத் தொட்டது. தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1963-இல் மொரார்ஜி தேசாய் 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்று கொண்டுவந்ததில் தொடங்கி, 1968-இல் தனிச் சட்டமாகவே ஆனது. சாதாரண ஆள் தங்கக் கட்டியோ காசோ வைத்திருக்கக்கூடாது, பத்தர் கையில் இவ்வளவுக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஏகப்பட்ட விதிகள். தங்கம் குறையவில்லை, கடத்தல்தான் வளர்ந்தது. எழுபதுகளின் பம்பாயில் இருந்தவர்களுக்கு அதில் யார் யார் பெரிய ஆள் ஆனார்கள் என்று தெரியும். எத்தனையோ பத்தர் குடும்பங்கள் பட்டறையை மூடின. 1990-இல் அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிந்தவர் தண்டவதே. ஓடாத சோதனையை இருபது வருடம் திரும்பத் திரும்பச் செய்ய எந்த இயற்பியல்காரருக்கும் மனம் வராது.

அப்புறம் கொங்கண் ரயில். அந்த அரசில் மூன்று நாற்காலிகளில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். ரயில்வே: ஜார்ஜ் பெர்னாண்டஸ், மங்களூர்க்காரர். திட்டக் கமிஷன் துணைத் தலைவர்: ராமகிருஷ்ண ஹெக்டே, வட கன்னடக்காரர். நிதி: தண்டவதே, ராஜாபூர் எம்.பி. ஒரே கடற்கரையின் மேல், நடு, கீழ். இந்தப் பாதை வேண்டும் என்று பல காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தண்டவதே ரயில்வேயில் இருந்தபோது ஆப்டாவிலிருந்து ரோஹா வரை ஒரு துண்டைத்தான் தொடங்க முடிந்தது. மிச்சத்துக்கு "பணம் இல்லை" என்பதே நிரந்தர பதில். இப்போது பணம் இல்லை என்று சொல்ல வேண்டிய நாற்காலியில் அவரே இருந்தார்.

ஆனாலும் பணம் இல்லைதான். அதற்குக் கண்டுபிடித்த வழி, ரயில்வே பட்ஜெட்டுக்கு வெளியே ஒரு கார்ப்பரேஷன். அதன் பங்குகளில் மத்திய அரசுக்கு 51 சதவீதம், மகாராஷ்டிரத்துக்கு 22, கர்நாடகத்துக்கு 15, கேரளத்துக்கும் கோவாவுக்கும் தலா 6. பங்குப் பணம் போக மேற்கொண்டு தேவைப்படுவதைச் சந்தையில் கடன் பத்திரம் போட்டுத் திரட்டுவது. 1990 ஜூலையில் கொங்கண் ரயில்வே கார்ப்பரேஷன் பதிவானது, ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையேற்றார். நாலு மாதத்தில் அரசு போய்விட்டது. பழைய முறையில் பட்ஜெட் ஒதுக்கீடாக மட்டும் இருந்திருந்தால் அடுத்து வந்தவர்கள் ஒரு பேனா கீறலில் அடித்திருப்பார்கள். கம்பெனியாக இருந்ததால் வேலை நடந்தது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள், சுமார் இரண்டாயிரம் பாலங்கள். 1998 ஜனவரி 26 முதல் பாதை முழுதாக ஓடத் தொடங்கியது.

பாதை வருவதற்குள் ராஜாபூர் அவரைக் கைவிட்டிருந்தது. 1991-இல் தோற்றார். 1996 முதல் 1998 வரை திட்டக் கமிஷன் துணைத் தலைவராக இருந்தார், அதற்குப் பிறகு பெரிதாகப் பதவி எதுவும் இல்லை. 2005 நவம்பர் 12-இல் மும்பையில் காலமானார். அவர் விருப்பப்படி உடலை ஜே.ஜே. மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது குஜராத்திலிருந்து திருநெல்வேலி வரும் வண்டி கொங்கண் வழியாகத்தான் போகிறது. பன்வேலில் ஏறினால் நெல்லைக்குப் போய்ச் சேரலாம், மெட்ராஸ் பக்கமே போக வேண்டாம். சில வருடம் முன்பு மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போனபோது எதிர் சீட்டில் ஒரு கொங்கணிப் பெரியவர். கணபதிக்கு ஊருக்குப் போகிறாராம். ஜன்னலுக்கு வெளியே அருவி அருவியாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. நான் சும்மா இருக்காமல் மெத்தையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன், சின்ன வயதிலிருந்து இருக்கும் பழக்கம். என்ன பார்க்கிறீர்கள் என்று மராத்தியில் கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். "ரயில்தான் அவர் கொடுத்ததென்று நினைத்தேன். மெத்தையும் அவர்தானா?" என்றார். பிறகு அவரும் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, பையிலிருந்து முந்திரிப் பொட்டலத்தை எடுத்து என் பக்கம் நீட்டினார்.